அப்பா பார்த்த ரத்தக்குழாய்

அப்பாவுக்கு ஒரு கணக்கு உண்டு. மனித உடம்பில் இருக்கிற ரத்தக்குழாய்களை எல்லாம் உருவியெடுத்து ஒன்றோடு ஒன்று சேர்த்து நீட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும், பூமியை இரண்டரைச் சுற்று சுற்றிவிடலாம் என்பது. வீட்டுக்கு யார் வந்தாலும், வந்தவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் பேச்சை எப்படியாவது வளைத்து இங்கே கொண்டுவந்துவிடுவார். கேபிள் காசு வாங்க வருகிற பையனுக்கே மூன்று தடவை சொல்லியிருக்கிறார். "முப்பத்தாறு வருஷம் பைப் போட்டிருக்கேன். நான் போட்டதையெல்லாம் சேர்த்தாலும் ஓசூரைத் தாண்டாது. இதைப் போட்டவன் என்ன ஃபிட்டர் பாரு!" அப்பா விமானத் தொழிற்சாலையில் பைப் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் வீடு பெங்களூர் முருகேஷ்பாளையாவில். தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற தெரு.

போன மாதம் அக்கா பையன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டான்: "தாத்தா பார்க்கிற ப்ரோக்ராம் பார்த்தாலே பயாலஜி புரிஞ்சிடும்ல?" சாதாரணக் கேள்விதான். ஆமாம் என்றோ, முதலில் புத்தகத்தைப் படி என்றோ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு இரண்டுமே வாயில் வரவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

2011இல் டிஸ்கவரி தமிழுக்கென்று தனிச் சேனல் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அப்பா ஓய்வு பெற்றார். இரண்டும் சேர்ந்துகொண்டதில், எங்கள் ஹாலில் வருஷக்கணக்காகச் சிங்கமும் சுறாவும் மனித உடம்பும் மாறி மாறி ஓடின. சிங்கம் வந்தால் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். உடம்பு வந்தால் நிமிர்ந்து உட்காருவார். கேமரா மூக்கு வழியாக நுழையும், தொண்டையைத் தாண்டும், எப்படியோ ஒரு ரத்தக்குழாய்க்குள் போய்விடும். உள்ளே நம்ம மெட்ரோ சுரங்கம் மாதிரி விசாலமான இடம். எங்கிருந்தோ இதமான வெளிச்சம். சிவப்பு வட்டுகள் அவசரமில்லாமல் மிதந்து போகும். வெள்ளையணுக்கள் வந்தால் டப்பிங் குரல் திடீரென்று போர்க்களக் குரலாகிவிடும்: "இதோ, நம் உடலின் வீரர்கள்!" எனக்கு அந்தக் குரல் ஆகாது. சளி பிடித்த மனுஷனைப் பற்றிச் சொல்லும்போதும் பானிப்பட்டு யுத்தம் நடக்கிற மாதிரியே பேசும். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் குழாய், வால்வு, பம்பு, பிரஷர். வாழ்நாள் முழுவதும் கையால் தொட்ட சாமான்கள் தனக்குள்ளேயே இருக்கின்றன என்று அறுபது வயதில் தெரிந்துகொள்வது சின்ன சந்தோஷமா என்ன?

சும்மா சொல்லக் கூடாது, நிறையக் கற்றுக்கொண்டார். லப்-டப் சத்தம் இதயத் தசை துடிக்கிற சத்தம் இல்லை, வால்வுகள் மூடுகிற சத்தம் என்று எனக்குச் சொன்னதே அவர்தான். இதயம் மற்ற உறுப்புகளுக்கெல்லாம் சுருங்கும்போது ரத்தம் அனுப்பிவிட்டு, தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் தளர்கிற நேரத்தில்தான் எடுத்துக்கொள்கிறது என்பதையும் ஒரு நிகழ்ச்சியில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "ஊருக்கெல்லாம் போட்டுட்டு அம்மா கடைசியில சாப்பிடற மாதிரி" என்றார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நாற்பது சதவீதம்

2017 டிசம்பரில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். சுகர் வேறு பத்து வருஷமாக இருக்கிறது. டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கிற டிஎம்டி எடுத்தார்கள், சரியாக இல்லை, இதயக் குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கிற ஆஞ்சியோ செய்துவிடலாம் என்றார்கள். மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள், சாயங்காலமே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். அவருக்கு இருந்த ஒரே குறை, திரையில் பார்த்த படம் கறுப்பு வெள்ளையாக இருந்தது என்பதுதான். சாயம் ஏறும்போது மரக்கிளை மாதிரி ஒரு நிழல் தெரியும், இரண்டு துடிப்பில் கரைந்துவிடும். "டிவியில எவ்வளவு தெளிவா காட்டறான், இத்தனை லட்ச ரூபாய் மெஷின்ல ஒண்ணுமே தெரியலையே" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

முடிவு இதுதான்: ஒரு குழாயில் நாற்பது சதவீதம் அடைப்பு. குழாயை விரித்துப் பிடிக்கிற ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும். கொழுப்புக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, அதோடு வழக்கமான சுகர் மாத்திரை.

அப்பா கணக்குப் போட்டார். நாற்பது அடைத்திருக்கிறது என்றால் அறுபது திறந்திருக்கிறது. தொழிற்சாலையில் பாதி அடையாத பைப்பை யாரும் கழற்ற மாட்டார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடையும், டிவியில் அப்படித்தான் காட்டினான். மஞ்சளாகக் கொழுப்பு வந்து உட்சுவரில் ஒட்டும், அதன்மேல் இன்னும் ஒட்டும், வழி குறுகிக்கொண்டே வரும், ஒருநாள் சிவப்பு வட்டுகள் முட்டி நிற்கும். அதுவரைக்கும் உடம்பு எச்சரிக்கை கொடுக்கும், மூச்சு வாங்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டார். அப்புறம் நடைப்பயிற்சியால் மூச்சு வாங்குவது நின்றது, எண்ணெய்ப் பலகாரமும் குறைந்தது. பைப்பில் கசடு விழுவது நின்றுவிட்டால் ரசாயனம் எதற்கு என்று நிறுத்திவிட்டார்.

இதில் என்னை இன்னும் அரிக்கிற விஷயம் அவர் நிறுத்தியது இல்லை. நிறுத்தியது எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜ் மேலே இருந்த மாத்திரை அட்டை குறையாமல் இருப்பதைப் பார்த்தேன், கேட்டேன், அவர் இந்தக் கணக்கைச் சொன்னார். எனக்கும் சரியாகப் பட்டது. நானும் அதே மஞ்சள் கொழுப்பைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தேன்.

2019 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். ராத்திரி ஒரு மணிக்குத் தாடை வலிக்கிறது என்று எழுந்தார். பல் என்று நினைத்தோம். பிறகு மேல்வயிற்றில் ஒரு அழுத்தம், கேஸ் என்றார். அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாரும் சரியவில்லை; டிவியிலும் சினிமாவிலும் மாரடைப்பு என்றால் அப்படித்தானே வரும். பெங்களூர் ஜனவரிக் குளிரில் அவர் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டு ஆட்டோவை எழுப்பினோம். மணி இரண்டரை. மீதியை விவரிக்க ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான்: ஈசிஜி, கையெழுத்து, கார்டு தேய்ப்பது, காரிடார் நாற்காலி, விடிந்ததும் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது என்ற செய்தி. பிழைத்துக்கொண்டார். இதயத்தில் கொஞ்சம் தசை போய்விட்டது.

மொடவே

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர் தனியாக வந்தார். தாவணகெரேக்காரர், கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற பேச்சு. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அப்பா படுத்தபடியே முழுக் கணக்கையும் சொன்னார்: நாற்பது, அறுபது, பைப், கசடு. அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கட்டில் கம்பியில் தொங்கிய ஃபைலிலிருந்து ஒரு பழைய ஈசிஜி தாளை எடுத்துத் திருப்பி, பின்பக்கம் இரண்டு கோடு போட்டார்.

"அங்கிள், இது பைப் அல்லா. மொடவே. மொடவே கொத்தா?"

"பரு" என்றார் அப்பா.

"ஹா, பரு. முகத்தில் பரு வந்தா தோலுக்கு மேல ஒட்டியா இருக்கு? உள்ளதான இருக்கு." இரண்டு கோட்டில் ஒன்றைத் தடிமனாக்கி, அந்தத் தடிமனுக்குள்ளேயே ஒரு உருண்டை வரைந்தார். கொழுப்பு சுவருக்குள் சேர்கிறது, ரத்தம் ஓடுகிற வழியில் இல்லை. அதற்கு மேலே மெல்லிசாக ஒரு தோல். அந்தத் தோல் ஒருநாள் கிழிகிறது. உள்ளே இருப்பதை ரத்தம் பார்க்கிறது, காயம் பட்டுவிட்டது என்று நினைத்து உடனே உறைகிறது. சில நிமிஷம் போதும், முழுக் குழாயும் மூடிவிடும். "பெரிய பரு உடையாமயே இருக்கும். சின்னது படார்னு உடையும். நாற்பது பர்சென்ட் அப்படின்னா வழி எவ்வளவு இருக்குன்னு அர்த்தம், தோல் எவ்வளவு கெட்டின்னு அர்த்தம் இல்லை." கடைசியாகப் பேனாவால் அந்த மெல்லிய கோட்டின் மேலேயே நாலு தடவை அழுத்தி இழுத்தார். "மாத்திரை இதைக் கெட்டி பண்ணும். கிழிஞ்சாலும் உறையறது குறையும். பைப் க்ளீன் பண்றதுக்கு இல்லை, அங்கிள்."

ஒன்றரை நிமிஷம் இருக்கும். வெளிச்சம் இல்லை, இசை இல்லை, முப்பரிமாணம் இல்லை. ரோஸ் நிறக் கட்டத்தாளின் பின்பக்கம் ஒரு கோணல் உருண்டை. அப்பா அதை வாங்கி, கண்ணாடி கேட்டுப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "அப்போ ஆஞ்சியோவில் இது தெரியாதா?" என்று கேட்டார். நான் டாக்டரைப் பார்த்தேன். தெரியாது என்றார் அவர். சாயம் ஓடுகிற வழி மட்டும்தான் தெரியும், சுவர் தெரியாது. இத்தனை லட்ச ரூபாய் மெஷினில் ஒன்றுமே தெரியவில்லை என்று அப்பா புலம்பியதில் பாதி நிஜம் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நான் படித்துப் பார்த்தேன். டாக்டர் சொன்னது புதிய செய்தியே இல்லை. சிகாகோவில் சீமோர் கிளாகோவ் என்ற நோய்க்குறியியல் நிபுணர் 1987லேயே காட்டியிருக்கிறார்: சுவருக்குள் கொழுப்பு சேரச் சேர, இதயக் குழாய் வெளிப்பக்கமாக வீங்கி உள்வழியை ரொம்ப நாள் அப்படியே காப்பாற்றிக்கொள்கிறது. குழாயின் குறுக்குவெட்டில் கொழுப்புப் பகுதி நாற்பது சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் வழியே குறுக ஆரம்பிக்கிறது. மாரடைப்புகளில் கணிசமானவை பாதிகூட அடைக்காத இடங்களில் கிழிந்து வருபவை. என் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மஞ்சள் கசடைப் பார்த்தது இதற்கெல்லாம் கால் நூற்றாண்டுக்குப் பின்னால்.

குழாய் என்று பேர் வைத்தாயிற்று

முழுப் பழியையும் டிவி மேலே போடவும் மனசு வரவில்லை. நம் சொற்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ரத்தக்குழாய் என்கிறோம், குழாய் என்றால் அடைக்கத்தான் செய்யும். கொழுப்பு 'படிகிறது' என்கிறோம். படிவது என்றால் தண்ணீர்த் தொட்டியில் மண் படிகிற மாதிரி மேலே வந்து உட்காருவது. 'அடைப்பு' நேராகச் சாக்கடையிலிருந்து வந்த சொல். இது போதாதென்று, அந்தக் கொழுப்புக் கட்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் (plaque), அடைப்புக்கு வேறொரு சொல் (block). தமிழ் எழுத்தில் இரண்டும் 'பிளாக்' ஆகிவிடுகின்றன. அப்பாவின் ரிப்போர்ட்டை அக்கா சத்தமாகப் படித்தபோது நாங்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் கேட்டோம். ரத்த நாளம் என்று இன்னொரு சொல் நம்மிடம் இருக்கிறது. நாளம் என்றால் தாமரைத் தண்டு. உயிருள்ளது, சதையுள்ளது, அழுகும், வீங்கும். அது பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. சாதாரணப் பேச்சில் ரத்தம் ஓடுவதற்கே நரம்பு என்கிறோம், நரம்பில் ஊசி போடுகிறார்கள்.

ஆனாலும் டிவி ஒரு காரியம் செய்கிறது, அதைச் சொல் செய்யாது. படம் காட்டிவிடுகிறது. 'அடைப்பு' என்று காதில் விழுந்தால் அது எப்படி இருக்குமோ என்று ஒரு சந்தேகமாவது மிஞ்சும். மஞ்சள் கசடு ஒட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகு சந்தேகமே வராது. அதைவிட, இது படம் வரைந்தவரின் கற்பனை என்று எங்கேயும் ஒரு வரி ஓடாது. சிங்கத்தையும் சுறாவையும் நிஜக் கேமராவால் எடுத்துக் காட்டுகிற அதே சேனல், அதே குரல், அதே இசை. அடுத்த காட்சியில் வருகிற ரத்தக்குழாயும் யாரோ உள்ளே போய் எடுத்தது என்றுதானே ஒரு ஃபிட்டர் நினைப்பார்?

உள்ளே இருட்டு. இதை எந்த நிகழ்ச்சியும் சொல்லி நான் பார்த்ததில்லை. காலி இடமும் கிடையாது. கடுகைவிடச் சிறிய ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள். ரத்தத்தின் கன அளவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அணுக்கள்தான். உள்ளதை உள்ளபடி காட்டினால் திரை முழுக்க ஒரே சிவப்பாக இருக்கும். பெங்களூர் கரகத் திருவிழா ராத்திரி திகளரபேட்டைக் கூட்டத்துக்குள் செல்போனை நீட்டிப் படம் பிடித்த மாதிரி, முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. இதயத்தின் மேல் ஓடுகிற அந்தக் குழாய், மெட்ரோ சுரங்கம் என்று நாங்கள் நினைத்தது, பேனா ரீஃபில் தடிமன். மின்னணு நுண்ணோக்கியில் நிறமே கிடையாது, நாம் பார்க்கிற ஊதா பாக்டீரியாவும் பச்சை வைரஸும் பிற்பாடு பூசியவை. 1965இல் 'லைஃப்' பத்திரிகையில் லென்னார்ட் நில்சன் வெளியிட்ட கருவின் படங்களைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. விண்வெளியில் மிதப்பதுபோல் ஒளிரும் அந்தச் சிசுக்களில் பெரும்பாலானவை கருப்பைக்கு வெளியே, விளக்கு வைத்து எடுக்கப்பட்டவை. பத்திரிகை அதை மறைக்கவில்லை. ஆனால் நினைவில் நின்றது படம் மட்டும்தான்.

நேர்மையாகச் செய்ததும் உண்டு. 2012இல் பிபிசிக்காக மைக்கேல் மோஸ்லி மாத்திரை அளவுக் கேமரா ஒன்றை விழுங்கி, வயிற்றுக்குள் நடப்பதை அப்படியே காட்டினார். அந்தக் கேமரா தன் விளக்கைத் தானே கொண்டுபோகிறது. வெளிச்சம் விழுகிற இடம் மட்டும் ஈரமாக மினுங்கும், அதற்கப்பால் கும்மிருட்டு. அழகாக இருக்காது. 1998இல் ராபர்ட் வின்ஸ்டன் நடத்திய தொடரில் ஹெர்பி என்ற புற்றுநோயாளியின் கடைசி நாட்களை, அவர் சம்மதத்தோடு, மரணம் வரை காட்டினார்கள். அதில் அனிமேஷன் கொழுப்புக்கு வேலையில்லை, ஒரு மனிதர், ஒரு படுக்கை. நான் பார்த்தவற்றில் உடம்பு என்றால் என்ன என்று எனக்குச் சொன்னவை இவை இரண்டும்தான். இரண்டிலும் கேமராவுக்கு முன்னால் ஒரு ஆள் இருந்தார். மற்றவற்றில் ஒரு உடம்பு இருந்தது, யாருடையது என்று தெரியாது. எப்போதும் முப்பது வயது, சுகர் கிடையாது.

பருவும் பொய்தான், தெரியும். அங்கே சீழ் இல்லை, முகப்பரு வேறு சமாச்சாரம். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்ட மனிதர் அன்றிலிருந்து ஒரு வேளை மாத்திரை தவறவிடவில்லை. குழாய் என்ற பொய்யைக் கேட்டவர் நிறுத்தினார்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் கணக்கையும் போகிறபோக்கில் தேடிப் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக், 1920இல் நோபல் பரிசு வாங்கியவர், 1922இல் ஒரு புத்தகத்தில் போட்ட உத்தேசக் கணக்கு அது. மிருகங்களின் தசையில் நுண்குழாய்களை எண்ணி, 50 கிலோ தசை உள்ள ஒரு ஆளுக்குப் பெருக்கியிருக்கிறார். அவ்வளவு தசைக்கு எங்கள் தெருவில் ஜிம் வைத்திருப்பவரே திணறுவார். அண்மையில் திருத்திப் போட்ட கணக்குகளில் 9,000 முதல் 19,000 கிலோமீட்டர் வரைதான் வருகிறது. பூமியை அரைச் சுற்றுகூட வராது. இதை அப்பாவிடம் சொன்னேன். டிவியைப் பார்த்துக்கொண்டே, "அதுவும் பெரிய ஃபிட்டிங்தான் கண்ணு" என்றார். அடுத்த வாரம் வந்த மாமாவிடம் மறுபடி ஒரு லட்சம்தான்.

ஓசூர் ரோட்டில்

அவருக்கு நடக்கத் தெம்பு வந்த பிறகு நிம்ஹான்ஸ் என்கிற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இருக்கிற மூளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு நிஜ மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். ஃபார்மலின் வாடையில் கண் எரிந்தது. எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா இரண்டு கையையும் சேர்த்து, பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கினார். ஒன்றேகால் ஒன்றரைக் கிலோ கனம். டிவியில் மூளை என்றால் நீலமாகத் தீப்பொறி பறக்கும். இது ஈரமண் நிறம். உயிரோடு இருக்கும்போது நன்றாகத் தோய்ந்த தயிர் மாதிரி குழைவாக இருக்கும், மருந்தில் ஊறியதால்தான் இவ்வளவு கெட்டி என்று விளக்கினார் அங்கிருந்தவர். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னார்.

அடிப்பக்கத்தில் குழாய்கள் ஓடின. தடித்த நூல் கனம், வெளுத்த நிறம், நடுநடுவே மங்கலாக மஞ்சள் திட்டுகள். அப்பா குனிந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆள்காட்டி விரலால் ஒரு குழாயின் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். மஞ்சள் வந்த இடத்தில் விரல் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி அதே இடத்தில் நின்றது. வெல்டிங் முடிந்த ஜாயின்டை அவர் அப்படித்தான் தடவிப் பார்ப்பார்.

"வெளியிலிருந்தே தெரியுது" என்றார் என்னிடம். "சுவருக்குள்ளதான் இருக்கு."

வரிசையில் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இது யாருடையது என்று அப்பா கேட்டார். பெயரெல்லாம் சொல்வதில்லை, குடும்பத்தார் சம்மதித்துக் கொடுத்தது என்றார் அவர். அப்பா தலையாட்டிவிட்டு, மறுபடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு ராத்திரி அதே நிகழ்ச்சி, அதே காட்சி. சிவப்பு வட்டுகள் மிதந்து வர, மஞ்சள் வந்து சுவரில் ஒட்டியது. அப்பா ரிமோட்டால் திரையைச் சுட்டிக்காட்டினார். "மேல பூசறான் பாரு, இவனுக்குக் கூலி கொடுக்கக் கூடாது." மாற்றட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். அடுத்து கிட்னி காட்டுவானாம்.